பஞ்சு அடைத்த ஆங்கிலம்: துணைப்பாட ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத் துணைப்பாடம் (டியூஷன்) நடத்தும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

என் மகள் தொடக்கநிலை ஆறில் படிக்கிறாள். இந்த ஆண்டு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதப்போகிறாள். போன மாதம் துணைப்பாட வகுப்பில் அவளுக்கு ஒரு கட்டுரை கொடுத்தார்கள். தலைப்பு விபத்து பற்றியது. அவள் தன் அப்பாயி விழுந்த கதையை எழுதியிருந்தாள். உண்மையில் நடந்த கதை அது.

போன ஆண்டு ஒரு சாயங்காலம் மழை விட்ட நேரத்தில், எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத் திறந்தவெளியான வாய்ட் டெக்கில் என் மாமியார் வழுக்கி விழுந்தார். மகள் மட்டும்தான் கூட இருந்தாள். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் என்னைக் கட்டிக்கொண்டு அவள் சொன்னது இன்னும் அப்படியே காதில் இருக்கிறது. "அப்பாயியோட ஒரு செருப்பு மட்டும் தபால்பெட்டி வரைக்கும் போயிருச்சும்மா. அப்பாயி அழவே இல்ல. பால் பாக்கெட் உடைஞ்சிருச்சா பாருன்னுதான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. எனக்குக் கை நடுங்கி 995 அழுத்தவே முடியல. கீழ இருந்த மலாய்க்கார அங்கிள்தான் நாற்காலி கொண்டு வந்தாரு." 995 என்பது இங்கே அவசர மருத்துவ வண்டியைக் கூப்பிடும் எண். அப்பாயிக்கு மணிக்கட்டு எலும்பில் விரிசல். மற்றபடி ஒன்றும் இல்லை, கடவுள் புண்ணியம்.

சரி, கட்டுரையில் என்ன இருந்தது தெரியுமா? முதல் வரியில் சூரியனின் தங்கக் கதிர்கள். அடுத்த வரியில் 'ஸெரூலியன்' நீல வானம், பஞ்சு போன்ற மேகங்கள். அன்றைக்கு மழை. அப்புறம் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை, மத்தளம் போல அடித்துக்கொண்ட இதயம், பீறிட்டு வழிந்த 'கிரிம்ஸன்' சிவப்புத் திரவம். அன்றைக்கு ஒரு சொட்டு ரத்தம்கூட வரவில்லை. இந்த ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே சிவப்பு மையில் ஒரு டிக். கடைசியில் 'எக்ஸலன்ட் வொகாபுலரி' என்று ஒரு பாராட்டு.

செருப்பு இல்லை. பால் பாக்கெட் இல்லை. நாற்காலி கொண்டு வந்த அங்கிளும் இல்லை. ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்டேன். "அதுல நல்ல வேர்ட்ஸ் எதுவும் இல்லம்மா" என்றாள்.

அந்தப் பதில்தான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்குப் பெரிய சொற்கள் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. வேண்டும், நிறைய வேண்டும். நான் அறந்தாங்கிப் பக்கம் தமிழ்வழியில் படித்தவள். கல்யாணமாகி இங்கே வந்து ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, கூட்டத்தில் யாராவது ஒரு சொல்லைச் சொல்வார்கள், எல்லாரும் தலையாட்டுவார்கள், நானும் ஆட்டுவேன். கழிப்பறைக்குப் போய் கைத்தொலைபேசியில் பொருள் பார்ப்பேன். சொல் தெரியாதவள் அந்த மேசையில் பாதிதான் உட்கார்ந்திருக்கிறாள். அந்த நிலை என் மகளுக்கு வரக்கூடாது என்பதற்காகத்தான் சனிக்கிழமை காலையில் அவளை உங்களிடம் அனுப்புகிறேன்.

ஆனால் பொருள் மட்டும் தெரிந்து சொல்லைப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் மேலாளர் பணி ஓய்வு பெற்றபோது எல்லாரும் ஓர் அட்டையில் வாழ்த்து எழுதினோம். அவர் பொறுமைசாலி. வேலை தெரியாத எனக்கு ஒரே விஷயத்தைப் பத்து முறை சொல்லிக் கொடுத்தவர். அவருடைய பொறுமை ஊரறிந்தது என்று எழுத ஆசைப்பட்டேன். அகராதியில் 'நொட்டோரியஸ்' என்ற சொல்லுக்கு 'பேர்போன' என்று போட்டிருந்தது. அதையே எழுதிவிட்டேன். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தச் சொல் கெட்டதற்குப் பேர்போனவர்களுக்கு மட்டும்தான் வரும், திருடனுக்கு வரும், ஏமாற்றுக்காரனுக்கு வரும் என்று மெதுவாகச் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ என்ன சொல்ல வந்தாய் என்று எனக்குப் புரிந்தது என்றார். அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. மனசிலிருந்த நன்றிக்கு நேர் எதிரானதை என் கையே எழுதியிருந்தது.

அகராதி பொய் சொல்லவில்லை. அது சொல்லின் பாதியைத்தான் சொன்னது. நீங்கள் வாராவாரம் கொடுக்கும் பட்டியலும் அந்தப் பாதியைத்தான் சொல்கிறது. இடது பக்கம் இருபது சொல், வலது பக்கம் ஆளுக்கொரு பொருள். 'ஸ்லிம்' என்றாலும் ஒல்லி, 'ஸ்கின்னி' என்றாலும் ஒல்லி, 'ஸ்க்ரானி' என்றாலும் ஒல்லி. தமிழில் ஒடிசலான பெண் என்று சொன்னால் அவள் மகிழ்வாள். நோஞ்சான் என்று சொன்னால் நம்மோடு பேச மாட்டாள். ஆங்கிலத்திலும் அதே கதைதான். 'ஸ்லிம்' பாராட்டு, 'ஸ்கின்னி' ஒரு மாதிரி, 'ஸ்க்ரானி' என்றால் சாப்பாடு கிடைக்காதவன் போல இருக்கிறான் என்று பொருள். இந்த நிறத்தைச் சொல்லாமல் பொருளை மட்டும் கொடுத்தால் பிள்ளை எதை எடுத்து எங்கே வைக்கும்?

சொல்லுக்கு நிறம் இருப்பது போல உறவும் இருக்கிறது. இதை நம் மொழி மிகப் பழைய காலத்திலேயே பேசியிருக்கிறது. தொல்காப்பியத்தில் மரபியல் என்று ஓர் இயலே உண்டு. எந்த உயிரின் இளமைக்குக் குட்டி, எதற்குக் கன்று, எதற்குப் பறழ், எந்தச் செடியின் உறுப்புக்கு என்ன பெயர் என்றெல்லாம் அதில் வருகிறது. இன்றைக்கும் வாழைக்கு இலை, தென்னைக்கு ஓலை, கரும்புக்குத் தோகை, நெல்லுக்குத் தாள் என்றுதான் சொல்கிறோம். தென்னை இலை என்றால் இலக்கணப்படி தவறு எதுவும் இல்லை, ஆனால் கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும், இவர் தென்னந்தோப்பைப் பார்த்ததில்லை என்று. பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1957இல் இதையே வேறு விதமாகச் சொன்னார். ஒரு சொல்லை அறிய வேண்டுமானால் அது யாரோடு கூடித் திரிகிறது என்று பார்க்க வேண்டும் என்றார். கோப்பிக்கடையில் 'கோப்பி காவ்' என்று கேட்டால் கெட்டியாக ஒரு கோப்பி வரும். அதை ஆங்கிலத்தில் சொல்ல 'ஸ்ட்ராங்' வேண்டும். 'பவர்ஃபுல்' சரிப்படாது. மழைக்கு 'ஹெவி' வரும், காற்றுக்கு 'ஸ்ட்ராங்' வரும். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. தென்னைக்கு ஏன் ஓலை என்று கேட்டால் நம்மிடமும் பதில் இல்லையே.

உறவு என்று நான் சொல்வதில் இலக்கணமும் சேர்த்தி. என் மகள் ஒரு கட்டுரையில் 'தி அஜார் டோர்' என்று எழுதினாள். 'அஜார்' என்றால் லேசாகத் திறந்த கதவு என்பது பட்டியலில் இருந்தது. அது பெயருக்கு முன்னால் நிற்காது, 'தி டோர் வாஸ் அஜார்' என்று பின்னால்தான் வரும் என்பது பட்டியலில் இல்லை. தூங்கும் குழந்தையை 'அஸ்லீப் பேபி' என்று யாரும் சொல்வதில்லை. அதே மாதிரிதான் இதுவும். அப்புறம் 'டிஸ்கஸ் அபவுட்'. நம்மில் பலர் இதைச் சொல்கிறோம், நான் பல வருஷம் சொன்னேன். தமிழில் ஒன்றைப் 'பற்றி' விவாதிக்கிறோம், அந்தப் 'பற்றி' கூடவே வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வினைக்கு 'அபவுட்' தேவையில்லை. தமிழ்ப் பிள்ளைகள் எந்த இடத்தில் வழுக்குவார்கள் என்று உங்களில் தமிழ் தெரிந்தவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். அது எவ்வளவு பெரிய பலம்! அதைப் பட்டியலுக்குள் கொண்டுவந்தால் போதும்.

இப்போது எண்ணிக்கைக்கு வருகிறேன். வாரம் இருபது சொல், சனிக்கிழமை சோதனை, அடுத்த வாரம் புதிதாக இருபது. என் மகள் சோதனையில் பதினெட்டு, பத்தொன்பது வாங்குவாள். மூன்று வாரம் கழித்து அதே சொற்களை நான் கேட்டபோது அவளுக்கு நான்குதான் வந்தது. அவள் சோம்பேறி இல்லை. மனிதர்களின் நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். பெரும்பகுதி முதல் நாளிலேயே போய்விடுகிறது. ஒரே மூச்சில் படிப்பதை விட, இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படிப்பது நிற்கிறது என்பதையும் அவர் கண்டார். சொல்லைக் கொடுத்த மறுநாள் ஒரு முறை, மூன்று நாள் கழித்து ஒரு முறை, வாரம் கழித்து, மாதம் கழித்து என்று அதே சொல் திரும்ப வரவேண்டும். உங்கள் பட்டியலில் ஒரு சொல் ஒரு முறை வருகிறது, சனிக்கிழமையோடு போய்விடுகிறது.

நியூசிலாந்தின் பால் நேஷன், சொல்வளம் எப்படி வளர்கிறது என்று காலமெல்லாம் ஆராய்ந்தவர். ஆங்கில நாவல் ஒன்றை யார் உதவியும் இல்லாமல் படிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டும் என்று 2006இல் கணக்கிட்டார். 'ஹெல்ப்', 'ஹெல்ப்ஃபுல்', 'ஹெல்ப்லெஸ்' எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம். வாரம் இருபது என்றால் ஆண்டுக்கு ஆயிரம். ஒன்றைக்கூட மறக்காவிட்டாலும் பட்டியலை மட்டும் நம்பினால் எட்டு, ஒன்பது ஆண்டு ஆகும். மீதியைப் புத்தகம்தான் தரவேண்டும். ஆனால் என் மகள் நூலகத்துக்குப் போய் நான்கு மாதம் ஆகிறது. சனிக்கிழமை உங்கள் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப்பாடம். நான்தான் அனுப்பினேன், அதனால் இதில் என் பங்கும் உண்டு. இனி ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்கு என்று முடிவு செய்திருக்கிறோம்.

வீட்டில் நாங்கள் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். இரண்டு மாதமாக வாரத்துக்கு ஐந்தே சொல். நோட்டுப் புத்தகத்தில் பொருள் எழுதுவதில்லை, அந்தச் சொல்லை எங்கே பார்த்தோம் என்று எழுதுகிறோம். தேக்கா ஈரச்சந்தையில் நான் மீனின் செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "அம்மா, நீங்க இப்ப செய்றதுதான் ஸ்க்ரூட்டினைஸ்" என்றாள். மீன்காரருக்கே சிரிப்பு. அந்தச் சொல் இனி அவளை விட்டுப் போகாது. பேருந்தில் ஏறும்போது ஈஸி-லிங்க் அட்டையைத் தேடிப் பையைக் குடைகிறோமே, அது 'ரம்மேஜ்'. வெள்ளிக்கிழமை போட்ட சாம்பிராணி வாசம் சனிக்கிழமை காலையிலும் திரைச்சீலையில் இருக்கிறதே, அது 'லிங்கர்'. வாசம் மட்டுமா அப்படி நிற்கும் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "சந்தேகமும் நிக்கும், வலியும் நிக்கும்" என்றாள். மூன்றுமே சரி. சொல்லின் உறவுகளை அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

வேர்ச்சொல்லையும் விளையாட்டாகத் தொட்டோம். லத்தீனில் 'ஸ்பெக்ட்' என்றால் பார்ப்பது. 'ஸ்பெக்டேட்டர்' பார்வையாளர், 'இன்ஸ்பெக்ட்' பார்வையிடுவது. 'சூப்பர்வைஸ்' என்பதில் 'சூப்பர்' மேல், 'வைஸ்' அதுவும் பார்ப்பது. மேற்பார்வை! தமிழ் வகுப்பில் படித்த சொல்லே வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்து அவள் கைதட்டினாள்.

இந்த இடத்தில் ஒரு வருத்தத்தையும் சொல்லவேண்டும். இரண்டு ஆண்டுக்கு முன் ஓர் ஆசிரியர், நல்லெண்ணத்தோடுதான், ஆங்கிலம் முன்னேற வேண்டுமானால் வீட்டில் தமிழ் பேசுவதைக் குறையுங்கள் என்றார். நானும் பயந்துபோய் ஒரு வருஷம் அப்படியே செய்தேன். என் அரைகுறை ஆங்கிலத்தில் அவளோடு பேசினேன். அப்பாயியிடம் அவள் பேசுவது குறைந்தது. அவளுடைய ஆங்கிலம் ஒன்றும் ஏறவில்லை. போன வாரம் 'ரிலக்டன்ட்லி' என்ற சொல் வந்தது. பட்டியலில் கொடுத்திருந்த ஆங்கில விளக்கம் அவளுக்குப் பிடிபடவில்லை. "மனசில்லாம செய்றது" என்று அப்பாயி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார். நான்தான் அந்த விளக்கத்தைத் தமிழில் சொல்லி அவரிடம் கேட்டிருந்தேன். "ஓ, ஊருக்குப் போயிட்டுத் திரும்பி வர்றப்ப ஃப்ளைட் ஏறுவோமே, அந்த மாதிரியா?" என்றாள் மகள். அந்த உணர்ச்சி அவளுக்குள் தமிழில் ஏற்கெனவே இருந்தது. ஆங்கிலச் சொல் வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. தமிழ்ப் பெற்றோரிடம் தமிழைக் குறைக்கச் சொல்லாதீர்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். எங்களைப் போன்றவர்கள் உங்கள் பேச்சைத் தெய்வ வாக்காக எடுத்துக்கொள்கிறோம்.

தேர்வு இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான். மூன்று படம், குறைந்தது 150 சொல், நேரம் ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பதற்றத்தில் பிள்ளைக்குக் கைகொடுக்க ஆயத்தத் தொடர்கள் வேண்டும் என்று நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் உள்ளடக்கத்துக்கும் சேர்த்துத்தானே மதிப்பெண்? கதையே பட்டியலிலிருந்து வந்தால் உள்ளடக்கம் எங்கிருந்து வரும்? 1979இல் அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ அமைச்சர்களையும் மூத்த அரசாங்க அதிகாரிகளையும் உட்கார வைத்து, எளிமையாகத் தெளிவாக எழுதுவது எப்படி என்றே ஓர் உரை ஆற்றினார். நாட்டை நடத்துபவர்களுக்கே அது தேவைப்பட்டது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தேவைப்படாதா?

பெற்றோர் நாங்கள் 'பாம்பாஸ்டிக் வேர்ட்ஸ்', அதாவது ஆடம்பரமான பெரிய சொற்கள், வேண்டும் என்று உங்களிடம் கேட்கிறோம். அந்தச் சொல்லின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 'பாம்பாஸ்ட்' என்பது பழைய ஆங்கிலேயர்கள் சட்டைக்குள் அடைத்த பஞ்சு. தோளும் மார்பும் புடைப்பாகத் தெரிவதற்காக அடைப்பார்களாம். அதிலிருந்துதான் வெறுமனே ஊதிப்போன பேச்சுக்கு அந்தப் பெயர் வந்தது. அதைக் கேட்டு வாங்கியது நாங்கள்தான். இனி கேட்கவேண்டாம் என்று மற்ற அம்மா அப்பாக்களிடமும் சொல்கிறேன். நீங்களும் கொடுக்காதீர்கள்.

பெரிய மாற்றம் எதுவும் நான் கேட்கவில்லை. இருபதை ஐந்தாக்குங்கள். ஒவ்வொரு சொல்லையும் இரண்டு மூன்று வாக்கியத்துக்குள் வைத்துக் கொடுங்கள், அது எதனோடு சேரும் எதனோடு சேராது என்று ஒரு நிமிடம் பேசுங்கள். போன மாதச் சொற்களை இந்த மாதமும் கேளுங்கள். எழுதச் சொல்வதற்கு முன் பிள்ளையைக் கதையை வாயால் சொல்ல விடுங்கள், தமிழில் சொன்னாலும் பரவாயில்லை. அதற்குப் பிறகு, இந்த இடத்துக்கு ஆங்கிலத்தில் ஓர் அருமையான சொல் இருக்கிறது என்று எடுத்துக் கொடுங்கள். தேவைப்படும் நேரத்தில் கைக்கு வந்த சொல்லைப் பிள்ளைகள் விடமாட்டார்கள். அப்புறம் அந்தச் சிவப்பு டிக். அதைப் போடுவதற்கு முன், இந்தப் பிள்ளை இதை உண்மையாகப் பார்த்ததா என்று ஒரு கணம் யோசியுங்கள். நீங்கள் எதற்கு டிக் போடுகிறீர்களோ அதைத்தான் அடுத்த கட்டுரையில் பிள்ளை எழுதும்.

என் மகள் அந்தக் கட்டுரையைத் திரும்ப எழுதியிருக்கிறாள். வானம் போய்விட்டது, மேகமும் போய்விட்டது. முதல் வரியிலேயே தபால்பெட்டிக்குப் பக்கத்தில் ஒற்றைச் செருப்பு கிடக்கிறது. நடுங்கும் கையால் அப்பாயியின் பையில் தொலைபேசியைத் தேடுகிறாள், அங்கே 'ரம்மேஜ்' வருகிறது. அவசர மருத்துவ வண்டியில் வந்தவர்கள் அப்பாயியைத் தூக்கும்போது, நெஞ்சோடு அணைத்து வைத்திருந்த பால் பாக்கெட்டைக் கொடுக்கச் சொல்கிறார்கள். அப்பாயி அதை 'ரிலக்டன்ட்லி' கொடுக்கிறார்.

சனிக்கிழமை அதை வகுப்புக்கு எடுத்து வருவாள். படித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
தொடக்கநிலை ஆறு மாணவி ஒருத்தியின் அம்மா,
செங்காங்